தாவிய வண்டி தரையிறங்கிய பிறகு: பெரிய ஆர்.சி. வண்டிகளின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பெங்களூரில் ஹொஸ்கோட்டைக்கு அப்பால், மனை பிரித்து இன்னும் வீடு எழும்பாத செம்மண் வெளிகளில் ஞாயிறு காலை எங்கள் கூட்டம் ரிமோட்டில் ஓடும் (ஆர்.சி.) வண்டிகளை ஓட்டும். மாலைக்குள் இரண்டு மூன்று வண்டிகளாவது அல்சூரில் என் வீட்டு மாடி அறைக்குப் பழுதாகி வந்துவிடும். பல ஆண்டுகளாக இதே கதைதான். வண்டியும் ஆளும் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை.

இந்தக் குறிப்பு 1/5, 1/6 அளவு, அதாவது நிஜ வண்டியில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளுக்கானது. எக்ஸ்-மேக்ஸ், கிராட்டன் 8எஸ் போன்ற மின்வண்டிகளும், பாஹா 5பி, லோசி 5ஐவ்-டி போன்ற பெட்ரோல் வண்டிகளும் இதில் அடங்கும். எட்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஆள் உயரத்திலிருந்து விழும்போது, சிறிய வண்டிக்குப் பொருந்தும் கணக்கு எதுவும் பொருந்தாது. உடைந்த பாகத்தை மாற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. ஏன் உடைந்தது என்று பார்க்காமல் அந்த இடத்தில் உலோகப் பாகத்தைப் போட்டால், அடுத்த அடி பக்கத்துப் பாகத்தில் இறங்கும்.

சோதனைக்கு உட்காருமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மோட்டாரைச் சுழற்றிப் பார்க்க வேண்டியிருந்தால் வண்டியை மரக்கட்டைமேல் ஏற்றி, நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் வையுங்கள். முதலில் ரிமோட்டை இயக்கிய பிறகே வண்டியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் வண்டி, கடைசியில் ரிமோட். மைதானத்தில் வண்டி தரையிறங்கும் திசையில் ஒருவரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை, வண்டி ஏறித் தாவும் மேட்டுக்குப் பின்னால், ஓட்டுபவரின் அருகிலேயே நிறுத்துங்கள்.

அறிகுறி: காற்றில் மூக்கு கீழே குத்துகிறது

*த்ராட்டில் பழக்கம்.* செலவில்லாத காரணம் இதுதான், பெரும்பாலும் உண்மையான காரணமும் இதுதான். மேட்டின் விளிம்பு வந்ததும் பயத்தில் விரல், ரிமோட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரிக்கரை விட்டுவிடுகிறது. சுற்றிக்கொண்டிருந்த நான்கு கனமான சக்கரங்கள் சட்டென்று வேகம் குறைந்தால் மூக்கு கவிழும். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொல்லி, செல்போனில் மெதுவேக வீடியோ எடுங்கள். விளிம்பைத் தாண்டும் கணத்தில் சக்கரம் என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். வேகம் குறைந்தால், விளிம்பைக் கடந்து பின்சக்கரமும் மேட்டை விடும்வரை ட்ரிக்கரை ஒரே நிலையில் பிடித்துப் பழகுங்கள்.

*இழுவை பிரேக்.* ட்ரிக்கரை விட்டதும் தானாகவே லேசாகப் பிரேக் பிடிக்கும்படி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. கருவியில் ஓர் அமைப்பு உண்டு. தாவும் வண்டிக்கு அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். கையேட்டைப் பார்த்து மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

*பின் ஷாக்.* ஷாக் என்பது ஸ்பிரிங்கும் எண்ணெயும் கொண்டு அதிர்ச்சியைத் தாங்கும் பாகம். வண்டியின் பின்புறத்தை உள்ளங்கையால் அடிவரை அழுத்தி விடுங்கள். நிதானமாக எழுந்து நின்றால் சரி. பந்து போலத் துள்ளி எழுந்தால் ஷாக்கில் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது எண்ணெய் மெல்லியது. விளிம்பில் அந்தத் துள்ளல் பின்புறத்தை உதைத்து மேலே தள்ளும். முன்புறம் தானாகக் கவிழும். ஒழுகல் இருந்தால் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு படி கெட்டியான எண்ணெய் ஊற்றிப் பாருங்கள்.

*மேடு.* குட்டையான, செங்குத்தான மேட்டில் முன்சக்கரம் காற்றில் இருக்கும்போதே பின்சக்கரம் மேல்நோக்கி எறியப்படுகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது மேடு நீளமாக இருக்கட்டும். நாங்கள் மண்வெட்டியும் ஒரு பழைய கதவுப் பலகையும் கொண்டு அரை மணி நேரத்தில் மேட்டைத் திருத்திவிடுகிறோம். புதிய ஷாக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. கவிழும் மூக்கைக் காற்றிலேயே தூக்க ட்ரிக்கரை அழுத்துவது சரியான வழி. ஆனால் சக்கரத்தின் வேகம் கூடினால்தான் மூக்கு எழும். முழு வேகத்தில் மேடேறியவருக்குக் கூட்ட மீதி வேகம் கிடையாது. ட்ரிக்கரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது. முக்கால் வேகத்தில் ஏறினால் மிச்சக் கால் பங்கு கையில் இருக்கும்.

அறிகுறி: மூக்கு வானத்தைப் பார்த்து, வண்டி மல்லாந்து விழுகிறது

காற்றில் த்ராட்டில் அதிகம் என்று பொருள். ஒரு கணம் பிரேக்கைத் தட்டினால் மூக்கு இறங்கும். அழுத்திப் பிடித்திருக்கக் கூடாது, தட்டினால் போதும்.

விரல் சரியாக இருந்தும் மூக்கு எழுந்தால் மேல்மூடியைப் பாருங்கள். பெரிய வண்டியின் பாலிகார்பனேட் மூடி காற்றைப் பிடித்தால் குடைபோல விரியும். முன்பக்க அடியில் புகும் காற்று வெளியேற வழியில்லாமல் மூக்கைத் தூக்குகிறது. பின் கண்ணாடிப் பகுதியிலும் பின்சக்கரத்துக்கு மேலும் துளை வெட்டுங்கள். வெட்டிய மூலைகள் வட்டமாக இருக்கட்டும், கூர்மையாக விட்டால் அங்கிருந்தே கிழியும். ஆடி மாதத்தில் இங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எதிராகத் தாவினால் நல்ல வண்டியும் மல்லாந்துவிடும். அந்த நாட்களில் மேட்டின் திசையை மாற்றிவிடுகிறோம்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து இறங்குகிறது

விளிம்பில் ஸ்டீயரிங் நேராக இருந்ததா என்று வீடியோவில் பாருங்கள். பிறகு இடது, வலது ஷாக்குகளை அழுத்தி ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. டயருக்குள் மண்ணோ தண்ணீரோ புகுந்து ஒரு சக்கரம் மட்டும் கனத்திருப்பதும் உண்டு. மழைக்குப் பிறகு சக்கரங்களைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பாருங்கள்.

அறிகுறி: தரையிறங்கும்போது அடித்தகடு மண்ணில் அறைகிறது

வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து சமதரையில் கிடையாக விடுங்கள். அடித்தகடு தரையை லேசாகத் தொட்டு எழுந்தால் போதும். ‘படார்’ என்று அறைந்தால் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் ஸ்பிரிங்கை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் முன்னழுத்த வளையம். அதிர்ச்சியில் அது தானாகத் திரும்பித் தளர்ந்திருக்கும். நான்கிலும் மேலே தெரியும் மரை நீளத்தை அளந்து, இடதும் வலதும் சமமாக வையுங்கள். இதனால் வண்டியின் நிற்கும் உயரம் சீராகும். ஆனால் எண்ணெய் செய்ய வேண்டிய வேலையை வளையத்தைத் திருகிச் செய்ய முடியாது.

அடுத்தது ஷாக்கின் உள்ளே. இங்கேதான் பெங்களூர் செம்மண் தன் வேலையைக் காட்டுகிறது. ஷாக்கைக் கழற்றி, தண்டைத் துணியால் துடைத்து, ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நேரான தண்டு சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தூக்கிப்போடும், கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவே வெளிச்சம் திறந்து மூடும். பிறகு தண்டின்மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் செம்மண் கீறிய கோடு இருக்கிறது. அந்தக் கோடு புதிய ஓ-ரிங்கையும் இரண்டு வாரத்தில் அறுத்துவிடும். எனவே கோடு விழுந்த தண்டையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எண்ணெய் ஊற்றும்போது பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழி அடங்கப் பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். அவசரப்பட்டு மூடினால் காற்று உள்ளே தங்கி, தண்டு அசையும்போது ‘சளக் சளக்’ என்று கேட்கும். அப்படிக் கேட்கும் ஷாக்கைத் திரும்பத் திறந்தே ஆக வேண்டும்.

ஷாக் நான்கும் சரியாக இருந்தும் அறைந்தால் குற்றம் இறங்குமிடத்தில். சமதரையில் விழும் வண்டி முழு அடியையும் ஒரே கணத்தில் வாங்குகிறது. மேட்டுக்கு எதிரே ஓர் இறங்குசரிவு போட்டால் அடி பரவிப்போகும். எங்கள் மைதானத்தில் அந்தச் சரிவு வந்த பிறகு சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்து என் அறைக்கு வருவது மிகவும் குறைந்துவிட்டது.

*நிறுத்த வேண்டிய இடம்:* அடித்தகட்டைக் கழற்றி, தடித்த கண்ணாடிமேல் கவிழ்த்து, எஃகு அளவுகோலை விளிம்பில் வைத்துப் பாருங்கள். நடுவில் வளைந்திருந்தால் பட்டறை வேலை. 6061 வகை அலுமினியத் தகட்டைத் தொழிற்பேட்டைப் பகுதியான பீணியாவில் ஏதேனும் நல்ல பட்டறையில் அழுத்தி ஓரளவு நிமிர்த்தித் தருவார்கள். 7075 வகைத் தகடு நிமிர்த்தும்போது விரிசல் விடக்கூடியது, மாற்றிவிடுங்கள். வளைந்த தகட்டோடு ஓட்டினால் நடுத்தண்டு கோணலாகச் சுற்றி, இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிர்ந்து தரும் பல்சக்கரத் தொகுப்பான டிஃப்ரன்ஷியலைத் தின்றுவிடும்.

அறிகுறி: இறங்கிய பிறகு ‘கட கட’ சத்தம், அல்லது மோட்டார் சுற்றியும் வண்டி நகரவில்லை

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். டிஃப்ரன்ஷியலை முதலில் பிரிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

சக்கர நட்டு தளர்ந்திருக்கிறதா? பெரும்பாலான 1/5 வண்டிகளில் 24 மில்லிமீட்டர் அறுகோணத்தில் சக்கரம் உட்காரும். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் அந்த அறுகோணப் பள்ளம் உருண்டுபோய், அச்சு மட்டும் சுற்றும். அடுத்து மோட்டாரின் பினியன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகு. அது அச்சின் தட்டையான முகத்தில்தான் அழுந்தியிருக்க வேண்டும். கழற்றித் துடைத்து, நீலநிறத் திருகுப்பசை ஒரு துளி இட்டு முறுக்குங்கள். இந்தப் பசை உலோகத்தில் ஏறும் உலோகத் திருகுக்கு மட்டுமே. பிளாஸ்டிக்கில் பட்டால் அதை நொறுங்கச் செய்யும்.

பிறகு மோட்டார் இருக்கை. அதன் திருகு தளர்ந்தால் பினியனும் அது சுழற்றும் பெரிய ஸ்பர் பல்சக்கரமும் விலகி, பல் நுனிகள் மட்டும் உரசும். இரண்டுக்கும் நடுவே நோட்டுப் புத்தகத் தாள் ஒரு துண்டைச் செருகி, நெருக்கி முறுக்கி, பிறகு தாளைச் சுழற்றி எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்புத் தடத்தோடு வந்தால் இடைவெளி சரி.

இவை எல்லாம் சரியென்றால் சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் மூட்டு ஊசிகளைப் பாருங்கள். கடைசியாக டிஃப்ரன்ஷியல். வண்டியைத் தூக்கிவைத்து ஒரு முன்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், எதிர்ச்சக்கரம் மறுதிசையில் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்து ஒரே திசையில் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிக்கித் தாவினால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. இதையே பின்பக்கமும் செய்யுங்கள்.

சென்ற ஆண்டு மர்ஃபி டவுனிலிருந்து ஒரு தம்பி வந்தார். இரண்டு மாதத்தில் மூன்றாவது முன் டிஃப்ரன்ஷியல் அது.

“அண்ணா, இந்த முறை கடைக்காரர் இன்னும் கெட்டியான எஃகுப் பல் போடச் சொல்கிறார். விலைதான் பயமாக இருக்கிறது.”

“வீடியோ எடுத்திருக்கிறீர்களா, தம்பி?”

எடுத்திருந்தார். வண்டி தரையைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பார்த்தோம். டயர் நான்கும் உப்பி, அகலம் குறுகி, வட்டத் தகடுபோல உயர்ந்து நின்றன. முழு த்ராட்டில். அந்த வேகத்தில் சுற்றும் சக்கரத்தைத் தரை ஒரு நொடியில் பிடித்து நிறுத்தினால், அத்தனை விசையும் டிஃப்ரன்ஷியலின் சில பற்களில் இறங்குகிறது. ஏன் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூக்கு குத்துகிறது, அதைத் தூக்கத்தான் என்றார். மூக்கு ஏன் குத்துகிறது? பின்புறத்தை அழுத்திப் பார்த்தேன். வலது ஷாக் கை வைத்ததும் துள்ளியது. அதன் அடியில் எண்ணெயும் செம்மண்ணும் குழைந்து செங்கல் நிறத்தில் ஒட்டியிருந்தன. ஓ-ரிங் தேய்ந்து எண்ணெய் போய்விட்டது, அதனால் மூக்கு கவிழ்ந்தது, அதனால் விரல் அழுத்தியது, அதனால் டிஃப்ரன்ஷியல் உடைந்தது. நான்கு ஓ-ரிங்கும் இரண்டு தண்டும் எண்ணெயும் மாற்றி, பழைய வகை டிஃப்ரன்ஷியலையே போட்டுக்கொடுத்தேன். அது இன்றும் ஓடுகிறது.

ஆகவே டிஃப்ரன்ஷியல் உடைந்த வண்டி வந்தால் நான் முதலில் கேட்பது வீடியோவைத்தான். தரையைத் தொடும்போது சக்கரம் வண்டி போகும் வேகத்துக்கு ஏறக்குறைய ஒத்துச் சுற்ற வேண்டும். முழு த்ராட்டிலும் கூடாது, பிரேக்கில் பூட்டியும் இருக்கக் கூடாது.

*நிறுத்த வேண்டிய இடம்:* புதிய பற்கள் போட்டும் சில ஓட்டங்களில் மறுபடி உடைந்தால், பேரிங் உட்காரும் குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். பேரிங்கைக் குழியில் வைத்து விரலால் ஆட்டினால் தெரியும். அந்த உறையையே மாற்ற வேண்டும். பல்லிடைவெளியைச் சரிசெய்ய மெல்லிய ஷிம் வளையம் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ஒரு வளையம் கூடினாலும் குறைந்தாலும் புதிய பற்கள் வீண்.

அறிகுறி: இறங்கியதும் மின்சாரம் போய், சில நொடியில் திரும்ப வருகிறது

ஒரு கணம் போய் உடனே திரும்பினால் இணைப்புச் செருகி அல்லது பேட்டரிப் பட்டை. அடியில் பேட்டரி நகர்ந்து செருகியை இழுக்கிறது. செருகியின் உலோக முனையில் கருத்த புள்ளிகளும் உருகிய பிளாஸ்டிக்கும் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் இணைப்புச் செருகிகள் கிடைக்கும். இவ்வளவு தடித்த கம்பியைச் சாதாரணப் பற்றாசுக்கோலால் சூடேற்ற முடியாது. மேலே பளபளக்கும் பற்றாசு உள்ளே ஒட்டாமல் நிற்கும். கைவசம் பெரிய முனை இல்லையென்றால் அதே தெருவில் செய்து தரச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி இறங்கும்போது மட்டும் போனால், சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவைச் சந்தேகியுங்கள். அடி வாங்கிய கணத்தில் சர்வோ ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்க, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்குப் போகும் மின்னழுத்தம் விழுந்து அது அணைந்து எழுகிறது. வண்டி நிற்கும்போது சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். ரிசீவர் விளக்கு மினுக்கினால் இதுதான். விரல் சக்கரத்தில் இருக்கும்போது த்ராட்டிலை யாரும் தொடக் கூடாது.

ஓட்டத்தின் கடைசியில் மட்டும் வந்தால் பேட்டரியின் குறைந்தபட்ச அளவு எட்டியிருக்கிறது, அல்லது சூடு. 8எஸ் (எட்டு செல்) வண்டியில் பொதுவாக இரண்டு 4எஸ் (நான்கு செல்) பேட்டரிகள் தொடராக இருக்கும். முழுச் சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட், மொத்தம் 33.6. சார்ஜரில் ஒவ்வொரு செல்லாகப் பாருங்கள். ஒன்று மட்டும் எப்போதும் பின்தங்கினால் அந்தப் பேட்டரியை ஓய்வுக்கு அனுப்புங்கள். இரண்டையும் ஜோடியாகவே வாங்கி ஜோடியாகவே பயன்படுத்துங்கள். வாரக்கணக்கில் வைக்கும்போது செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

*நிறுத்த வேண்டிய இடம்:* பேட்டரி உப்பியிருந்தாலோ, மூலை நசுங்கியிருந்தாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அதைச் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள். திறந்தவெளியில் மணல் நிரம்பிய உலோக வாளியில் வைத்து, மின்கழிவு பெறுபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். இதைப் பழுதுபார்க்க முடியாது. நண்பர் ஒருவர் ‘இன்னும் ஒரே ஓட்டம்’ என்று சார்ஜில் வைத்த பேட்டரி, பால்கனிச் சுவரைக் கருக்கிவிட்டது. வீட்டில் ஆள் இருந்ததால் தப்பித்தார்கள்.

அறிகுறி: ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது சக்கரம் தளர்ந்து ஆடுகிறது

இணைப்புக் கம்பியின் முனைப்பந்து கழன்றிருக்கிறதா, சர்வோவின் கைத்திருகு தளர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். சர்வோ திரும்பியும் சக்கரம் திரும்பவில்லை என்றால் அடியிலிருந்து சர்வோவைக் காக்கும் சர்வோ சேவர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை ஒரேயடியாக இறுக்கிவிடாதீர்கள். அடியை அது வாங்காவிட்டால் சர்வோவின் பற்கள் வாங்கும். சர்வோவுக்குள்ளேயே ‘கிர்ர்’ என்று கேட்டால் பல் போய்விட்டது, பற்கள் தனித் தொகுப்பாகக் கிடைக்கும் சர்வோ என்றால் அதை மட்டும் மாற்றலாம்.

அறிகுறி: பெட்ரோல் வண்டி இறங்கியதும் இன்ஜின் திக்குகிறது, அணைகிறது

டேங்கைத் திறந்து உள்ளே தொங்கும் குழாயின் முனை எடையைப் பாருங்கள். தாவும்போது அது மேற்பக்கம் புரண்டு சிக்கினால் இன்ஜினுக்குக் காற்றுதான் போகும். குழாய் விறைத்திருந்தால் மாற்றுங்கள். நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை உறிஞ்சும், ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் சவ்வையும் கெடுக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோலும் எண்ணெயும் கலக்கும் விகிதம் 25:1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்.

அடுத்து கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் போல்ட்டுகள். தாவும் வண்டியில் இவை தளரும். அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் கத்தும், சூடேறும், பிஸ்டன் கீறும். ட்ரிக்கரை விட்டும் இன்ஜின் வேகம் இறங்க மறுத்தால் உடனே அணைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

கடலோர ஊரில் சரிசெய்த வண்டியை இங்கே கொண்டுவந்தால் புகை அதிகமாக வரும், இழுவை மந்தமாக இருக்கும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், காற்று மெல்லியது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் உயர்வேக ஊசியை ஒரு முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே திருப்பி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மீண்டும் அதே அளவு திருப்புங்கள். சென்னைக்குக் கொண்டுபோகும்போது மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். மறந்தால் கலவை மெலிந்து இன்ஜின் கெடும்.

*நிறுத்த வேண்டிய இடம்:* இழுகயிற்றை மெதுவாக இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அழுத்தம் போய்விட்டது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். செங்குத்துக் கீறல்கள் தெரிந்தால் மேலும் இழுக்காதீர்கள். இந்த 26, 29 சிசி இன்ஜின்கள் புல்வெட்டும் இயந்திரத்தின் இன்ஜினுக்கு உறவுமுறை. தோட்டக் கருவிகள் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் பிஸ்டன் வளையமும் கார்புரேட்டர் சவ்வும் மாற்றத் தெரிந்த கை கிடைக்கும். வண்டியை முழுதாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்ஜினை மட்டும் கழற்றி, குழாய்களின் முனையில் துணி அடைத்து, எந்த ஊசி எத்தனை சுற்றில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி, இன்ஜினோடு கட்டிக் கொடுங்கள்.